மூன்று வருஷத்துப் புகை

அந்த நாலு பேர் கூட்டத்தில் ‘மூக்கு’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவன் கண்ணாடிக் கடைக்காரன். பகலெல்லாம் பிறர் மூக்கில் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, காதுத் தண்டைச் சூட்டில் காட்டி வளைத்து, “இப்ப வழுக்குதா பாருங்க” என்று கேட்பதுதான் அவன் பிழைப்பு. பட்டப்பெயர் அதனால் வரவில்லை. விஸ்கியை முகர்ந்தே அது எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவான் என்று பெயர் வாங்கியிருந்தான். பெயரை வாங்குவது சுலபம், வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு.

விஸ்கியும் லேசுப்பட்டதல்ல. ஸ்காட்லாந்துப் பக்கத்துத் தீவு ஒன்றிலிருந்து வருவது. அங்கே சதுப்பு நிலத்து மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். பீட் என்று பெயர். அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவதால் குடிக்கிற விஸ்கியிலும் புகை ஏறிவிடும். முதல் தடவை குடிப்பவன், “தீயணைச்ச தண்ணிய வடிகட்டிக் குடுத்துட்டீங்களா?” என்பான். பழகிவிட்டவன் வேறெதையும் சீந்த மாட்டான். அதன் அசல் பெயர் வாயில் நுழையாது என்பதால் இவர்கள் ‘தீவுக்காரன்’ என்றே சொல்வார்கள். ஆலைக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை தனியாக ஒன்று வெளியிடுவார்கள். பெயர் அதேதான், புகையும் அதேதான். ஊறவைக்கும் பீப்பாய் மட்டும் மாறும். கூடப் பிறந்தவர்களைப் போல முகச்சாயல் ஒன்றாக இருக்கும், குணம் வேறாக இருக்கும்.

புது வருஷத்து பாட்டில் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பல் டாக்டர் வீட்டில் கூடுவார்கள். முந்தின வருஷங்களின் பாட்டில்களில் மிச்சம் வைத்திருப்பதையும் புதிதையும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, வருஷத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அடியில் ஒட்டி, இடம் மாற்றி வைப்பார்கள். மூக்கு ஒவ்வொன்றாக முகர்ந்து, இது இன்ன வருஷம், இதில் இன்னது கூடியிருக்கிறது, இன்னது குறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு குவளையைத் தூக்கி அடியைப் பார்ப்பார்கள். குவளையைத் தூக்கும் அந்த நேரத்துக்காகத்தான் அவன் வருஷம் முழுக்கக் காத்திருந்தான் என்று சொன்னால் பொய்யில்லை. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவன். கடையும் வீடும் தவிர அவனுக்கென்று இருந்த ஒரே மேடை அந்தச் சாப்பாட்டு மேஜை.

ஆனால் பட்டத்துக்கு உண்மையான சொந்தக்காரர் அவனில்லை, அவனுடைய அத்தான். அக்காவும் அவரும் சேர்ந்து சலவைக் கடை நடத்துகிறார்கள். தீவுக்காரனை இந்தக் கூட்டத்துக்கு அறிமுகம் செய்தவரே அவர்தான். அந்த நாளில் அவர் குவளையை மூக்கருகே கொண்டுபோனால் மேஜையில் பேச்சு நின்றுவிடும். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் குடி திங்கட்கிழமைக்கு நீண்டது. திங்கட்கிழமை காலைக்கு வந்தது. ஒரு நாள் மகளைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிடப் போனவர் வாசல் கேட்டருகே விழுந்து கிடந்தார். அக்கா, மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். அத்தான் குடியை விட்டார். விட்டார் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன், அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இப்போது மூன்றாவது வருஷம் நடக்கிறது. வாரா வாரம், குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டத்துக்குப் போகிறார். புதிதாக வருகிறவர்களிடம், “இவர் விடலையா? உங்களால முடியாதா?” என்று அவரைத்தான் காட்டுவார்கள்.

மறுபடி அவரோடு வாழப் போனபோது அக்கா தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “நீ குடி, குடிக்காம இரு, அது உன் இஷ்டம். அந்தச் சனியனோட வாசனைகூட இவர் பக்கம் வரக் கூடாது. எனக்கு வாக்கு குடு.” அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள். வாக்குக் கொடுத்தான். அன்றைக்கு மனசாரத்தான் கொடுத்தான்.

காலியான பட்டம் அவன் தலையில் ஏறியது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. முதல் வருஷம் அதிர்ஷ்டம் கைகொடுத்தது. போன வருஷம் கைவிட்டது. இரண்டு வருஷங்களை மாற்றிச் சொல்லிவிட்டான். பல் டாக்டர் குவளையின் அடியைக் காட்டிவிட்டு, “மூக்குக்குச் சளி பிடிச்சிருக்கு போல” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து மறந்துவிட்டார்கள். இவன் மறக்கவில்லை. இந்த வருஷத்து பாட்டில் வந்ததும் வீட்டில் மூன்று வருஷத்தையும் வரிசையாக வைத்து முகர்ந்து பார்த்தான். புகை. புகை. புகை. மூன்றும் ஒன்றாகவே இருந்தன.

சனிக்கிழமை மத்தியானம் அத்தானுக்கு போன் போட்டான். “ஒரு சின்ன உதவி அத்தான். ஒரு நடை வந்துட்டுப் போங்க.”

குழாய் ரிப்பேர் என்று நினைத்து ஸ்பானரோடு வந்தார் மனுஷன். மேஜையில் மூன்று பாட்டில்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன மாப்ள இது?”

“குடிக்கவா சொல்றேன்? மோந்து பார்த்து என்ன வித்தியாசம்னு மட்டும் சொல்லுங்க. நாளைக்கு அவங்க முன்னாடி என் மானம் போகுது.”

“வேண்டாம்டா. உங்கக்காவுக்குத் தெரிஞ்சா…”

“அக்காவுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லப் போறேனா, நீங்க சொல்லப் போறீங்களா?”

அத்தான் ஸ்பானரை நாற்காலியில் வைத்தார். குவளையை அவன் நீட்டியபோது ஒரு அடி பின்வாங்கினார். “குவளை வேண்டாம். அது வாய்க்கு ரொம்பக் கிட்ட. கையில ரெண்டு சொட்டு விடு.” சரக்கின் மணத்தைத் தனியே பிரித்துப் பார்க்க அந்த வழி உண்டு. உள்ளங்கையில் சில சொட்டு விட்டுப் பரபரவென்று தேய்த்தால் சாராயம் பறந்துவிடும், மணம் மட்டும் தங்கும். இரண்டு உள்ளங்கையையும் கூப்பி முகத்தருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார். தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியதை மூக்கு பார்த்தான். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டான்.

கண்ணைத் திறந்து பாட்டிலில் போட்டிருந்த வருஷத்தைப் பார்த்தார். “இது முந்தின வருஷம். கப்பல் கயிறு எரிஞ்ச வாசனை. அடியில திராட்சை இருக்கு” என்றார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தார். அடுத்தது. “போன வருஷம் ஆஸ்பத்திரி. டிஞ்சர் போட்ட பஞ்சு.” கதவுப் பக்கம் திரும்பினார். “போதும் மாப்ள. நான் கிளம்பறேன்.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் அத்தான். புதுசுதான் முக்கியம்.”

நல்லவனாக இருந்திருந்தால் அந்த இடத்தில் பாட்டிலை மூடியிருப்பான். அவன் ஊற்றினான். இரண்டு சொட்டு அல்ல, ஒரு குழி நிறையவே விழுந்தது. அத்தான் தேய்த்து முகர்ந்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பாமலே சொன்னார். “மழையில நனைஞ்ச கம்பளிக் கோட்டைச் சூடா இஸ்திரி போட்டா ஒரு ஆவி வரும் பாரு, அது. கடைசியில எலுமிச்சைத் தோல்.”

அவர் சொன்ன பிறகு முகர்ந்து பார்த்தால், அட, ஆமாம். கயிறு இருந்தது, டிஞ்சர் இருந்தது, கம்பளி இருந்தது. கூடவே குழாயடியில் அத்தான் திரும்பத் திரும்பச் சோப்புப் போடும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கடையில் ஒரு பெண்மணிக்குக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது.

“அத்தான் இன்னைக்கு உன் வீட்டுக்கு வந்தாரா?”

நடந்தது என்னவென்று அவனுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பீட் புகை சோப்புக்கு அடங்குகிற ஜாதி இல்லை. இஸ்திரி மேஜைச் சூட்டில் அத்தானின் கையிலிருந்து கிளம்பி, சலவைக்கு வந்திருந்த ஒரு கல்யாண மாப்பிள்ளையின் வெள்ளைக் கோட்டுக் காலரில் ஏறிவிட்டது. அக்கா காலரை முகர்ந்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து முகர்ந்தாள். அந்த வாசனையோடு பல வருஷம் குடித்தனம் நடத்தியவள். தம்பி வீட்டுக்குப் போனேன், குடிக்கவில்லை, கையில் மட்டும்தான் தேய்த்தேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். “அப்படியா? கேட்டுட்டாப் போச்சு” என்று போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டிருக்கிறாள். அத்தான் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

மூக்குக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தான் கொடுத்த வாக்கு. வாய் தானாகவே சொல்லிற்று: “இல்லையே அக்கா. வரலையே.”

“என் மேல சத்தியமா?”

எதிரே பெண்மணி புதுக் கண்ணாடியோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உன் மேல சத்தியமா.”

“சரி” என்று அக்கா வைத்துவிட்டாள். பெண்மணி, “எல்லாம் ரொம்பத் தெளிவா தெரியுது சார்” என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடிப் பெட்டியைத் தேடினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று குவளைகளையும் சரியாகச் சொன்னான். கயிறும் திராட்சையும் என்றான், டிஞ்சர் என்றான். கடைசிக் குவளையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கண்ணை மூடி, “ஈரக் கம்பளிக் கோட்டைச் சூடா இஸ்திரி போட்டா வர்ற ஆவி” என்றான். கண்ணை மூடியதுகூட அத்தானைப் பார்த்துக் கற்றதுதான். பல் டாக்டர் மேஜையைத் தட்டினார். “கம்பளிக் கோட்டாம்! எங்கேருந்துய்யா பிடிக்கறே இதெல்லாம்?”

“அதுவா வருது டாக்டர்.”

சொன்ன மறுகணமே உடம்பு கூசியது. கைதட்டுகிறார்கள், முதுகில் தட்டுகிறார்கள், இவனுக்கோ முள்ளின் மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. இரவல் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்தில் நடுநாயகமாக உட்கார்ந்த கதை. ஊற்றிக் கொடுத்ததில் ஒரு வாய்தான் குடித்தான். தலை வலிக்கிறது என்று எழுந்து வந்துவிட்டான்.

திங்கட்கிழமை தன் கடையைத் திறப்பதற்கு முன்னால் சலவைக் கடைக்குப் போனான். எதற்குப் போகிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை. ஒப்புக்கு இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டான். முன்னறையில் அக்கா துணிகளுக்குச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள். தூங்காத முகம். உறை போட்டுத் தொங்கும் துணி வரிசைக்குப் பின்னால் இஸ்திரி மேஜையில் அத்தான் தலை தெரிந்தது. அக்கா குரலைத் தணித்துக்கொள்ளவில்லை, அவர் காதில் விழட்டும் என்றே பேசினாள்.

“மறுபடி ஆரம்பிச்சுட்டார்டா. முதல்ல உன் வீட்டுக்குப் போனேன், கையில தேச்சேன்னு கதை விட்டார். நீ இல்லைன்னு சொன்னதைக் காதால கேட்டார். அப்புறம் ஒத்துக்கிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பார்ல அதே சரக்கைக் குடிச்சாராம். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சும்பாங்க. இவருக்கு விடியவே வேண்டாம், பொழுது சாஞ்சாலே போதும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ராத்திரி ரெண்டும் கடையிலதான் படுத்தார். பொண்ணு அவர்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. இன்னைக்குச் சாயங்காலம் அந்தக் கூட்டத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன். எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு, நான் குடிச்சேன்னு சொல்லட்டும்.”

வாசலில் டெலிவரி வண்டி வந்து ஹாரன் அடித்தது. அக்கா துணிக்கட்டோடு வெளியே போனாள்.

மூக்கு துணிகளை விலக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். அத்தான் நிமிரவில்லை. ஒரு சட்டைக் கையின் மடிப்பை நீவிவிட்டு அழுத்தினார். ஆவி எழுந்தது.

“ஏன் அத்தான் அப்படிச் சொன்னீங்க?”

“அத விடு.”

“குடிக்கவே இல்லையே நீங்க. நான் இப்பவே அக்காகிட்ட…”

“விடுன்னு சொன்னேன்ல. முடிஞ்சு போச்சு. சாயங்காலம் போய் நாலு வார்த்தை சொல்லிட்டு குடிக்காத நாளை மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணிட்டுப் போறேன். உன் கடையைப் போய்ப் பாரு.”

அப்போது அவனுக்குள் எழுந்தது துக்கமில்லை. நிம்மதி. அப்பாடா, தப்பித்தோம் என்ற நிம்மதி. அது நெஞ்சில் இறங்கியதை அவன் தெளிவாக உணர்ந்தான். உணர்ந்ததும் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. வாக்கை மீறியதில், பொய்ச் சத்தியம் செய்ததில்கூட இவ்வளவு கேவலமாக இல்லை. மனுஷன் தன் மூன்று வருஷத்தைத் தூக்கி இவன் காலடியில் போடுகிறார், இவன் குனிந்து எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருக்கிறான். கிளம்பவும் செய்தான். முன்னறை வரைக்கும் வந்துவிட்டான்.

அக்கா உள்ளே வந்தாள். சட்டைகளை வாங்கி மேஜையில் வைத்தாள். அவன் தோளில் கையை வைத்து, “நீயாவது ஒழுங்கா இருக்கியே. நீ ஒருத்தன் பொய் சொல்ல மாட்டேன்னுதான்டா நான் நிக்கறேன்” என்றாள்.

அந்தக் கை அவனால் தாங்க முடியாத பாரமாக இருந்தது.

“அவர் வந்தாருக்கா.”

“யாரு?”

“அத்தான். சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். நான்தான் கூப்பிட்டேன்.”

 அக்காவின் முகம் இளகியது. அவனுக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் அவள் லேசாகச் சிரித்தாள். “அவரைக் காப்பாத்தறதுக்காக உன் தலையில போட்டுக்கறியா? பாசம் இருக்க வேண்டியதுதான், அதுக்காக இப்படியா?”

“இல்லக்கா. சத்தியமா.”

“அன்னைக்கும் என் மேலதானே சத்தியம் பண்ணினே?”

 முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், அதைத் தோண்டி எடுத்துக் காட்டினாலும் நம்ப ஆளில்லை. எதையும் விடாமல் சொல்லத் தொடங்கினான். போன வருஷம் சிரித்தது, மூன்று பாட்டில், குவளை வேண்டாம் என்று அவர் பின்வாங்கியது, போதும் என்று கெஞ்சியது, இன்னும் ஒன்றே ஒன்று என்று தான் ஊற்றியது. அவர் சொன்னதையெல்லாம் தான் சொன்னதாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியதையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் கை அவன் தோளிலிருந்து இறங்கியது.

இஸ்திரி மேஜையில் சத்தம் நின்றிருந்தது. அக்கா துணி வரிசையை ஒதுக்கினாள்.

“இவன் சொல்றது நெசமா?”

அத்தான் தலையை மட்டும் அசைத்தார்.

“குடிக்கவே இல்லையா?”

“இல்லை.”

“அப்புறம் எதுக்குக் குடிச்சேன்னு சொன்னீங்க? பொண்ணு முன்னாடி அந்தப் பேச்சுப் பேசினேனே! ராத்திரி கதவைச் சாத்தினேனே! அப்பக்கூட வாயைத் திறக்கலையே!”

அத்தான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். எதையோ தேடுகிறவர் போல மேஜையைப் பார்த்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நான் குடிச்சேன்னா உனக்கு அது பழகின வலி. தாங்கிப்பே. முன்னாடியும் தாங்கியிருக்கே. உன் மேல சத்தியம் பண்ணி இவன் பொய் சொன்னான்னு தெரிஞ்சா, அது புதுசு. உனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தானே. அதான், பழசே இருந்துட்டுப் போகட்டும்னு பார்த்தேன்.”

 பாய்லர் மட்டும் புஸ் புஸ் என்றது. அக்கா கத்துவாள், அடிப்பாள் என்று மூக்கு எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“நீ கிளம்புடா” என்றாள்.

“அக்கா…”

“கிளம்பு. நான் இவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். உன்னை வச்சிக்கிட்டுக் கேக்க முடியாது.”

அவன் வெளியே வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் அக்கா கடைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வியாபார நேரத்தில் அந்தக் கதவு சாத்தி அவன் பார்த்ததில்லை. கோட்டை வாங்க வந்த ஒருவர், “கடை லீவா?” என்று அவனிடம் கேட்டார்.  உள்ளேயிருந்து அக்கா அழுகிற சத்தம் கேட்டது. அழுகைக்கு நடுவே, “என்னை மன்னிச்சிருங்க” என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்வதும் கேட்டது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அத்தனையையும் ஒன்று விடாமல் ஒப்பித்தவன், அந்த ஒரு வார்த்தையை அவர்கள் இருவரில் யாரிடமும் சொல்லவில்லை.